குதிகால் அசையக் கூடாது: ரோலர் டெர்பி ஸ்கேட் பற்றிய வாசகர் கேள்விகள்

ரோலர் டெர்பி விளையாட்டைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதியதை அடுத்து வந்த கடிதங்களுள் மிகுதியானவை ஆட்ட விதிகளைக் கேட்கவில்லை. எந்த ஸ்கேட்டை வாங்குவது, வாங்கிவிட்டது சரியானதுதானா, காலில் ஏற்படும் வலி இயல்பானதா என்பவற்றையே கேட்டிருந்தன. ஆட்டத்தை முதன்முறையாகக் கேள்விப்படுவோருக்காக ஒரு சிறு விளக்கம்: நீள்வட்டத் தளத்தில் இரண்டு அணியினர், அணிக்கு ஐவர் வீதம், நான்கு சக்கர ஸ்கேட் அணிந்து இடஞ்சுழியாக ஓடுவார்கள். ஒவ்வோர் அணியிலும் ஒருவர் ஜாமர். அவர் எதிரணியின் தடுப்பாளர்களைத் தாண்டிச் செல்லும்போது புள்ளிகள் சேரும். தடுப்பாளர்கள் அவரைத் தோளாலும் இடுப்பாலும் மோதி நிறுத்தப் பார்ப்பார்கள். 1935இல் சிகாகோவில் லியோ செல்ட்ஸர் நடத்திய நெடுந்தூர ஸ்கேட்டிங் போட்டியில் வேர்கொண்டு, பின்னர் மங்கி, 2001ஐ ஒட்டி டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் பெண்களால் மீட்டெடுக்கப்பட்ட ஆட்டம் இது. ஓட்டமும் திடீர் நிறுத்தமும் பக்கவாட்டு மோதலும் இதில் கலந்திருப்பதால், பூங்காவில் உலாவுவதற்குப் போதுமான ஸ்கேட் இதற்குப் போதாது.

கேள்வி: நான் வழக்கமாக 8ஆம் எண் காலணி அணிபவள். அதே எண்ணில் டெர்பி ஸ்கேட் ஒன்றை வரவழைத்தேன். நிற்கும்போது வசதியாக இருக்கிறது. ஓடும்போது கால் உள்ளே நழுவுகிறது. தடித்த காலுறை அணிந்தால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்கிறார். சரிதானா?
*வாசகி, ஸ்கார்பரோ*

பதில்: சரியில்லை. உங்கள் ஸ்கேட்டின் பூட், அதாவது சக்கரங்களுக்கு மேலே காலை ஏற்கும் காலணிப் பகுதி, பெரியது. திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு இன்னும் முடியவில்லையென்றால் உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அமெரிக்கத் தயாரிப்பாளர்களில் சிலர் டெர்பி ஸ்கேட்டுகளை ஆண்களுக்கான அளவெண்ணிலேயே விற்கிறார்கள். அமெரிக்க முறையில் பெண்கள் எண்ணுக்கும் ஆண்கள் எண்ணுக்கும் ஏறத்தாழ ஒன்றரை எண் வேறுபாடு உண்டு. பெண்கள் அளவில் 8 அணிபவருக்கு ஆண்கள் அளவில் 6½ தான் நேரானது. உங்களுக்கு நேர்ந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். காலணி எண்ணை மறந்துவிட்டு, மில்லிமீட்டரில் காலை அளந்து, அந்தத் தயாரிப்பாளரின் அட்டவணையில் பொருத்திப் பார்ப்பதே பிழையற்ற வழி.

மாலையில் அளவெடுங்கள், நாள் முழுவதும் நடந்த கால் சற்று விரிந்திருக்கும். சுவரை ஒட்டித் தாளை விரித்து, குதிகால் சுவரைத் தொடும்படி, உடலின் எடை அந்தக் காலில் இறங்க நின்றுகொண்டு, மிக நீண்ட விரலின் நுனியில் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வேறொருவரைக் குறியிடச் சொல்லுங்கள். நீங்களே குனிந்து குறித்தால் எடை இடம் மாறிவிடும். மிக நீண்ட விரல் எல்லோருக்கும் பெருவிரல் அல்ல. சிலருக்கு இரண்டாம் விரலே நீண்டிருக்கும். இரண்டு கால்களையும் அளந்து பெரியதைக் கணக்கில் கொள்ளுங்கள். அதன் பிறகு, விரல்கள் தொடங்கும் இடத்தில் உள்ள அகன்ற பகுதியைச் சுற்றித் தையல் நாடாவால் அளவெடுங்கள். நீளம் சரியாக இருந்து அகலம் தவறிய பூட்டுகளே வீடுகளில் அதிகம் தூங்குகின்றன. அமெரிக்க முறையில் அகலத்தை எழுத்துகளால் குறிப்பார்கள். பெண்களுக்கு ‘பி’, ஆண்களுக்கு ‘டி’ என்பது நடுத்தர அகலம். முன்பகுதி ‘டி’, குதிகால் ‘பி’ என இரட்டை அகலத்தில் செய்துதரும் தயாரிப்பாளர்களும் உண்டு. முன்பாதம் அகன்று குதிகால் ஒடுங்கியவர்களுக்கு, நம்மில் பலருக்கும் அப்படித்தான், இந்த இரட்டை அகலம் பெரும் உதவி.

பூட் வந்ததும் மெல்லிய காலுறை அணிந்து, குதிகாலைப் பின்பக்கம் தட்டி உட்கார வைத்து, நாடாவை முழுவதும் கட்டுங்கள். முழங்கால் மடங்காமல் நேராக நிற்கும்போது விரல்நுனிகள் பூட்டின் முன்சுவரை மெல்லத் தொட வேண்டும். ஆட்டத்தில் நிற்பதைப் போல முழங்காலை நன்றாக மடக்கி இறங்கினால் கால் சிறிது பின்னுக்குச் சென்று, அந்தத் தொடுதல் நீங்க வேண்டும். இறங்கிய பிறகும் விரல்கள் மடங்கியே இருந்தால் பூட் சிறியது. நேராக நிற்கும்போதே முன்னால் விரலகல இடம் இருந்தால் பெரியது. அடுத்ததாக, ஒருவர் ஸ்கேட்டைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ள, நீங்கள் குதிகாலை மேலே தூக்கவும் இடவலமாகத் திருப்பவும் முயலுங்கள். குதிகால் அசையக் கூடாது. மற்றவற்றில் சிறிது விட்டுக்கொடுக்கலாம், இதில் மட்டும் கூடாது. டெர்பியில் நிறுத்துவதும் திரும்புவதும் தள்ளுவதும் பாதத்தின் ஓரங்களை அழுத்தியே நடப்பதால், கால் உள்ளே அசைந்தால் அந்த அழுத்தம் சக்கரத்தைச் சேர்வதற்கு முன்பே பூட்டுக்குள் கரைந்துவிடும். மோதல் வரும் அந்த நொடியில் ஸ்கேட் ஒரு திசையிலும் கால் ஒரு திசையிலும் போகும். தடித்த காலுறை இதைச் சரிசெய்யாது. அது அழுத்தத்தில் நசுங்கி, வியர்வையில் ஊறி, தானும் நழுவும்.

காலணி வாங்கும்போது “கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும்” என்று சொல்லும் பழக்கத்தை ஸ்கேட் கடைக்கு வெளியே விட்டுவிட்டுச் செல்ல வேண்டும். வீட்டில் சோதிக்கும்போது கம்பளத்தின் மீது நின்று சோதியுங்கள். சக்கரத்தில் கீறல் விழுந்துவிட்டால் பல கடைகள் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை.

கேள்வி: புதிய தோல் பூட் அணிந்த பதினைந்து நிமிடங்களில் உள்ளங்கால் வளைவில் கடுமையாக வலிக்கிறது; விரல்களும் மரத்துப்போகின்றன. பூட் சிறியதா, அல்லது நான் பழகவில்லையா?
*வாசகி, கிழக்கு லண்டன்*

பதில்: நீங்கள் ஒன்றாகச் சொல்லும் இரண்டும் வெவ்வேறு காரணங்களால் வருபவை. புதிதாக ஓடுபவர்கள் விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில், தம்மை அறியாமல், விரல்களால் பூட்டின் அடித்தளத்தைக் கவ்விப் பிடிக்கிறார்கள். சேற்று வரப்பில் நடக்கும்போது நம் கால்விரல்கள் தாமே மடங்குவதைப் போன்றது அது. அந்தப் பிடியால் உள்ளங்கால் தசைகள் களைத்து, வளைவில் பிடிப்பு உண்டாகிறது. முழங்காலை மடக்கி எடையைப் பாதம் முழுவதும் பரப்பக் கற்றுக்கொள்ளும் சில வாரங்களில் இது பெரும்பாலும் விலகிவிடும். விலகாவிட்டால், குறிப்பாகத் தட்டைப் பாதம் உள்ளவர்களுக்கு, வளைவைத் தாங்கும் உள்தாள் (இன்சோல்) ஒன்றை வைத்துப் பார்க்கலாம். ஆனால் உள்தாள் பாதத்தை உயர்த்தும் என்பதால், அதை வைத்த பிறகு குதிகால் சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும்.

மரத்துப்போவது நாடாவின் குற்றமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். புறங்காலின் மேட்டில் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் தோலுக்கு அருகிலேயே ஓடுகின்றன. குதிகாலை இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று நாடா முழுவதையும் ஒரே இறுக்கத்தில் கட்டினால், அந்த மேடுதான் முதலில் நசுங்கும். விரல் பக்கம் தளர்வாகவும், மேட்டுக்கு மேல் உள்ள ஒரு துளையை விட்டுத் தாண்டியும், கணுக்கால் அருகே இறுக்கமாகவும் கட்டிப் பாருங்கள். அப்படிக் கட்டியும் சுண்டுவிரல் பக்கம் மட்டும் மரத்தால், பூட்டின் அகலம் போதவில்லை என்று பொருள். தோல் பூட் அகலத்தில் ஓரளவு இளகும். தேவையான இடத்தில் மட்டும், எடுத்துக்காட்டாகப் பெருவிரல் மூட்டு புடைத்திருப்பவர்களுக்கு அந்தப் புடைப்பின் மேல், காலணி தைப்பவர் கருவி கொண்டு விரித்துத் தரவும் முடியும். நீளத்தில் தோல் இளகாது. “போடப் போட நீளும்” என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

வெப்பத்தில் இளகிக் காலின் வடிவத்தை ஏற்கும் பூட்டுகளும் உள்ளன. ஆஸ்திரேலியாவின் போன்ட் நிறுவனம் அவற்றுக்குப் பெயர் பெற்றது. அவற்றைத் தயாரிப்பாளர் குறித்துத் தந்த வெப்பத்துக்கு மேல் ஒரு போதும் சூடாக்கக் கூடாது, பசை விட்டுப்போகும். பூட்டைக் கழற்றிய சிறிது நேரத்தில் மறையும் வலியைப் பற்றிக் கவலை வேண்டாம். கழற்றிய பிறகும் எலும்பின் மேல் சிவந்த தடமும் வலியும் நீடித்தால் அந்த வடிவம் உங்கள் காலுக்கு உரியது அன்று. மரத்த உணர்வு நெடுநேரம் நீடித்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: ஆட்டத்தை விட்டு விலகிய அணித் தோழி ஒருவர் தம் ஸ்கேட்டை எனக்கு இலவசமாகத் தந்தார். அளவு சரியாக இருக்கிறது. வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?
*வாசகி, மெல்பர்ன்*

பதில்: தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த மாட்டை மட்டும் தாராளமாகப் பிடித்துப் பாருங்கள்; தோழி வருத்தப்படமாட்டார்.

முதலில் ஸ்கேட்டைச் சமதளமான மேசையின் மீது வையுங்கள். நான்கு சக்கரங்களும் மேசையைத் தொட வேண்டும். பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும், அதாவது சக்கரங்கள் சுழலும் அச்சுத் தண்டுகள், ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிய வேண்டும். பிறகு சமமான தரையில் வெறும் ஸ்கேட்டை மெல்லத் தள்ளிவிடுங்கள். நேராகச் செல்லாமல் ஒருபக்கமாக வளைந்தால், பிளேட் (பூட்டின் அடியில் திருகப்பட்ட தகடு) கோணலாகப் பொருத்தப்பட்டிருக்கலாம், ஆக்சில் வளைந்திருக்கலாம், அல்லது இரு டிரக்குகளின் (ஆக்சிலைத் தாங்கித் திரும்பும் பகுதிகளின்) இறுக்கம் வேறுபட்டிருக்கலாம். மூன்றாவது குறையை ஸ்பேனர் கொண்டு சரிசெய்துவிடலாம். முதல் இரண்டும் செலவு வைக்கும்.

அடுத்து, உள்தாளை எடுத்துவிட்டு, பூட்டையும் பிளேட்டையும் இணைக்கும் திருகாணிகளைப் பாருங்கள். வியர்வையால் அவை துருப்பிடித்திருப்பது வழக்கம். சுற்றியுள்ள அடித்தளம் மென்மையாகி, துளை பெரிதாகியிருந்தால்தான் சிக்கல். பூட்டின் குதிகால் கிண்ணத்தை இருபுறமும் விரலால் அழுத்துங்கள். அது விறைப்பாக இருக்க வேண்டும். அட்டைப்பெட்டியைப் போல உள்ளே மடங்கினால் அந்தப் பூட்டின் ஆயுள் முடிந்துவிட்டது என்று கொள்ளலாம். கணுக்கால் பகுதி ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தோழியின் கால் சாய்ந்த பக்கம் உங்கள் காலும் சாயும்.

பிறகுதான் முக்கியமான இடம். சக்கரங்களையும் டிரக்கையும் கழற்றி, கிங்பின் (டிரக்கைத் தாங்கும் தண்டு) பிளேட்டுடன் சேரும் இடத்தையும், டோ ஸ்டாப் (ஸ்கேட்டின் முன்நுனியில் உள்ள, நிறுத்த உதவும் கட்டை) திருகப்படும் துளையைச் சுற்றியும், நல்ல வெளிச்சத்தில் தலைமுடி போன்ற விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். நைலான் பிளேட்டாயினும் அலுமினியப் பிளேட்டாயினும் விரிசல் கண்டால் அதில் ஓடக் கூடாது. ஒட்டிச் சரிசெய்யலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கிங்பின் வளைந்திருந்தாலும், சில பிளேட்டுகளில் அதை மட்டும் மாற்றலாம் என்றாலும், மாற்றாமல் ஓடக் கூடாது. டிரக்கின் முனை உட்காரும் சிறிய கிண்ணம் தேய்ந்து ஆடினால் ஸ்கேட் தன் போக்கில் திரும்பத் தொடங்கும். அந்தக் கிண்ணமும், வெடித்தோ இறுகியோ போன ரப்பர் குஷன்களும், துருப்பிடித்த பேரிங்குகளும், ஒருபக்கம் சரிவாகத் தேய்ந்த சக்கரங்களும் மாற்றக் கூடியவை. ஆகவே பூட்டும் பிளேட்டும் உறுதியாக இருந்தால், மற்ற எல்லாவற்றையும் மாற்ற நேர்ந்தாலும், உங்களுக்குக் கிடைத்தது நல்ல ஸ்கேட்தான்.

கேள்வி: நைலான் பிளேட் உள்ள ஸ்கேட்டுக்கும் அலுமினியப் பிளேட் உள்ளதற்கும் விலையில் பெரிய வேறுபாடு உள்ளது. 10 டிகிரி, 45 டிகிரி என்றும் சொல்கிறார்கள். தொடக்கநிலையில் இருப்பவர் எதை வாங்க வேண்டும்?
*வாசகர், மார்க்கம்*

பதில்: டிகிரியை முதலில் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கின் ஜேம்ஸ் பிளிம்ப்டன் 1863இல் காப்புரிமை பெற்ற ஸ்கேட்டில்தான், உடலை ஒருபக்கம் சாய்த்தால் ரப்பர் அழுந்தி ஆக்சில் திரும்பும் அமைப்பு நிலைபெற்றது. இன்றைய டெர்பி ஸ்கேட்டும் அதே அடிப்படையில்தான் திரும்புகிறது. டிரக்கைத் தாங்கும் கிங்பின் செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதே அந்த டிகிரி. சாய்வு கூடும்போது, அதே அளவு காலைச் சாய்த்தாலும் சக்கரங்கள் அதிகம் திரும்பும். அதனால் 45 டிகிரி பிளேட் துள்ளித் திரும்பும். 10 டிகிரி பிளேட் நிதானமாக, எதிர்பார்த்தபடி திரும்பும். ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்றில்லை. மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் இரண்டிலும் இருக்கிறார்கள். தொடக்கத்தில் இந்த எண்ணுக்காகக் கூடுதலாக ஒரு டாலர்கூடச் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

நைலானைப் பற்றிய இழிவுப் பேச்சில் பாதிதான் உண்மை. மின்னசோட்டாவில் 1945 முதல் இயங்கிவரும் ரீடெல் நிறுவனத்தின் ஆர்3 என்ற தொடக்கநிலை ஸ்கேட் நைலான் பிளேட் உடையது; எண்ணற்றோர் அதில்தான் டெர்பி கற்றுக்கொண்டார்கள். நைலான் அழுத்தத்தில் சிறிது வளைந்துகொடுக்கும். உடல் எடை கூடியவர்களும் வலுவாகத் தள்ளி ஓடுபவர்களும் அந்த வளைவைக் கால்களில் உணர்வார்கள். அவர்களுக்கு அலுமினியம் பொருளுள்ள செலவு. மற்றவர்களுக்கு, கையில் இருக்கும் பணத்தை முதலில் பூட்டில் போடுவதே நல்லது. பிளேட்டைப் பின்னர் மாற்றலாம். பொருந்தாத பூட்டை எந்தப் பிளேட்டும் காப்பாற்றாது.

பிளேட்டின் நீளத்தை மட்டும் கவனியுங்கள். முன் ஆக்சில், பாதத்தின் அகன்ற பகுதிக்குக் கீழேயோ அதற்குச் சற்று முன்னோ பின்னோ வர வேண்டும். கடையில் பொருத்தி விற்கப்படும் ஸ்கேட்டில் குஷன்களை அளவுமீறி இறுக்கியிருப்பதும் உண்டு. ரப்பர் பிதுங்கித் தெரிந்தால் நட்டைக் கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்தி, சாய்த்தால் திரும்பும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். “என் ஸ்கேட் திரும்பவே மாட்டேன் என்கிறது” என்று சொன்ன பலருக்கு ஸ்பேனர் ஒன்றே மருந்தாகியிருக்கிறது.

கேள்வி: எங்கள் அணி கோடையில் பனித்தளம் நீக்கப்பட்ட ஹாக்கி அரங்கிலும், குளிர்காலத்தில் ஒரு பள்ளியின் மரத்தள அரங்கிலும் பயிற்சி செய்கிறது. ஒரே சக்கரம் இரண்டுக்கும் போதுமா? அதன் மேல் எழுதியிருக்கும் எண்கள் தரத்தைக் குறிப்பவையா?
*வாசகி, மிஸ்ஸிசாகா*

பதில்: அந்த எண்கள் தரத்தைக் குறிப்பவை அல்ல. 59 அல்லது 62 என்பது சக்கரத்தின் விட்டம், மில்லிமீட்டரில். 38 அல்லது 44 என்பது அகலம். 78ஏ, 88ஏ, 95ஏ என்பவை சக்கரத்தின் கடினத்தன்மை. எண் கூடக் கூடச் சக்கரம் கடினமானது. வெளித்தெருவில் கல்லையும் மேடுபள்ளத்தையும் விழுங்க வேண்டியிருப்பதால் 78ஏ அளவில் மென்மையான சக்கரம் பயன்படும். உள்ளரங்க டெர்பியில் ஏறத்தாழ 84ஏ முதல் 100ஏ வரை, சில சமயம் அதற்குச் சற்று மேலும், புழங்குகின்றன.

மென்மையான சக்கரம் தரையோடு அழுந்திப் பிடிக்கிறது. கடினமானது எளிதில் வழுக்கி விரைகிறது. பிடிப்பு கூடினால் நல்லது என்று எண்ணத் தோன்றும். ஆனால் டெர்பியில் நிறுத்துவது என்பதே சக்கரத்தைப் பக்கவாட்டில் வழுக்கச் செய்வதுதான். சக்கரம் வழுக்க மறுத்தால், நிறுத்த முயலும்போது அது தரையைக் கவ்வி ஆளைத் தூக்கி எறியும். வழுக்கல் மிகுந்தால், தள்ளும் ஒவ்வொரு முறையும் கால் வெளியே ஓடிவிடும். ஆகவே சரியான எண் உங்கள் தரையையும் உங்கள் எடையையும் பொறுத்தது. ஹாக்கி அரங்கின் பளபளப்பான சிமெண்டுத் தளம் பெரும்பாலும் வழுக்கும். அங்கே 88ஏ முதல் 91ஏ வரை தொடங்கிப் பார்க்கலாம். பூச்சு நன்றாக இருக்கும் மரத்தளம் கவ்விப் பிடிக்கும். அங்கே 95ஏ அல்லது அதற்கு மேல் பொருந்தும். எடை கூடியவர் சக்கரத்தை அதிகம் அழுத்துவதால் அதே தரையில் ஒரு படி கடினமானதையும், எடை குறைந்தவர் ஒரு படி மென்மையானதையும் நாடலாம். சக்கரத்தின் நடுக்கூடு அலுமினியமாக இருந்தால், எண் அதே என்றாலும், நைலான் கூட்டைவிடக் கடினமாகவே காலுக்குத் தெரியும்.

எனவே உங்களுக்கு இரண்டு தொகுப்புகள் தேவைப்படும். ஆனால் இரண்டையும் இப்போதே வாங்கிவிடாதீர்கள். டெர்பி அணிகளில் சக்கரங்களை ஒருவருக்கொருவர் இரவல் கொடுக்கும் நல்ல வழக்கம் உண்டு. அதே தரையில், உங்கள் எடைக்கு நெருங்கியவரின் சக்கரங்களை ஒரு மாலை கேட்டு வாங்கிப் போட்டு, வேகமாக வந்து கால்களை அகட்டி நிறுத்திப் பாருங்கள். சக்கரம் அதிர்ந்து அதிர்ந்து நின்றால் பிடிப்பு மிகுதி. நிறுத்த நினைத்த இடத்தைத் தாண்டி வெகுதூரம் சறுக்கினால் பிடிப்பு குறைவு. தொடக்கநிலையில் 38 மி.மீ. அகலமே போதும், அகன்ற 44 மி.மீ. சக்கரம் நிலையாக நிற்க உதவினாலும், நெருக்கத்தில் அடுத்தவர் சக்கரத்தோடு உரசிக்கொள்ளும்.

இடஞ்சுழியாகவே ஓடுவதால் சக்கரங்கள் சமமாகத் தேய்வதில்லை. வலக்காலின் உட்பக்கச் சக்கரங்கள் முந்தித் தேய்வதைக் காண்பீர்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை இடம் மாற்றிப் போடுங்கள்.

கேள்வி: ஏபெக் 9 பேரிங் போட்டால் வேகம் கூடுமா?
*வாசகர், சிங்கப்பூர்*

பதில்: கூடாது. ஏபெக் எண் என்பது பேரிங்கின் பரிமாணங்கள் எவ்வளவு துல்லியமாகச் செய்யப்பட்டுள்ளன என்பதற்கான அளவீடு. மிக அதிக வேகத்தில் சுழலும் இயந்திரங்களுக்கு அது பொருளுள்ளது. பக்கவாட்டு மோதலும் தூசியும் நிறைந்த ஸ்கேட்டுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. எட்டுச் சக்கரங்களுக்குப் பதினாறு பேரிங்குகள் வேண்டும். வாங்கும் முன் உங்கள் ஆக்சில் 8 மி.மீ.ஆ, 7 மி.மீ.ஆ என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். வேகம் குறைந்ததாகத் தோன்றினால் பேரிங்குகளைக் கழுவி, நன்றாக உலர்த்தி, ஒவ்வொன்றிலும் ஒரு துளி பேரிங் எண்ணெய் விடுங்கள். துரு நீக்கும் ஸ்பிரேயை எண்ணெயாக நினைத்து அடித்துவிட்டு நிறுத்திக்கொள்வது பரவலாக நடக்கும் தவறு. சக்கர நட்டையும் பாருங்கள். சக்கரத்தைப் பிடித்து அசைத்தால் மிகச் சிறிய பக்கவாட்டு ஆட்டம் தெரிய வேண்டும். அது தெரியாவிட்டால் நட்டு இறுகியிருக்கிறது என்று பொருள். எந்த எண் பேரிங்கும் அங்கே சுழலாது.

கேள்வி: என் மகளுக்குப் பதினொரு வயது. இளையோர் டெர்பியில் சேர்ந்திருக்கிறாள். அவளிடம் ஒற்றை வரிசைச் சக்கர ஸ்கேட் இருக்கிறது, அது போதுமா? புதிது வாங்குவதானால் கால் வளரும் என்பதற்காக இரண்டு எண் பெரிதாக வாங்கலாமா?
*வாசகி, ஹாரோ*

பதில்: இரண்டுக்கும் இல்லை என்பதே விடை. டெர்பி நான்கு சக்கர ஸ்கேட்டுக்காக வகுக்கப்பட்ட ஆட்டம். அதன் விதிகளும் அதையே கோருகின்றன. முன்னால் உள்ள டோ ஸ்டாப்பின் மீது ஏறி நின்று ஓடுவதும் திடீரென்று திரும்புவதும் ஒற்றை வரிசைச் சக்கரத்தில் இயலாது.

தீபாவளிச் சட்டையை அடுத்த ஆண்டுக்கும் சேர்த்துத் தைப்பதைப் போல ஸ்கேட் வாங்க முடியாது. இரண்டு எண் பெரிய பூட்டில் குதிகால் தூக்கும், பாதம் மடங்கும் இடம் பூட் மடங்கும் இடத்தோடு சேராது, முன் ஆக்சில் பாதத்தின் அகன்ற பகுதியைத் தாண்டி விரல்களுக்குக் கீழே போய்விடும். குழந்தை தவறான பழக்கங்களைக் கற்றுக்கொள்ளும், கணுக்காலும் பாதிக்கப்படலாம். வளர்ச்சிக்கென்று ஏறத்தாழ அரை சென்டிமீட்டருக்கு மேல் விடாதீர்கள். செலவு கவலை தருமானால் இளையோர் அணியிலேயே கேளுங்கள்; கால் வளர்ந்த பிள்ளைகளின் ஸ்கேட்டுகள் கைமாறிக்கொண்டே இருக்கும். அவற்றை மெல்பர்ன் வாசகிக்குச் சொன்னபடி சோதித்து வாங்கலாம். செயற்கைத் தோல் பூட்டாக இருந்தால் அது இளகாது என்பதை நினைவில் வைத்து, முதல் நாளே அகலம் சரியாக இருப்பதை மட்டும் எடுங்கள்.

கேள்வி: ஆட்டத்தின் நடுவில் என் டோ ஸ்டாப் கழன்று விழுந்துவிட்டது. ஸ்கேட் தரமற்றது என்று பொருளா? அதை எந்த உயரத்தில் வைக்க வேண்டும்?
*வாசகி, பிராம்டன்*

பதில்: பெரும்பாலும் தரக்குறைவு காரணமல்ல. டோ ஸ்டாப் தண்டில் உள்ள மரையின் (திருகுப் புரியின்) விட்டம் அமெரிக்கப் பிளேட்டுகளில் வழக்கமாக 5/8 அங்குலம். தண்டு குட்டையான டோ ஸ்டாப்பை உயரம் வேண்டி அதிகம் வெளியே இழுத்து வைத்தால், பிளேட்டுக்குள் மூன்று நான்கு மரைகளே பிடித்திருக்கும். ஓடும் அதிர்ச்சியில் அது கழலும், அல்லது பிளேட்டின் மரையையே தின்றுவிடும். நீண்ட தண்டு உள்ளதை வாங்கி, மரைகள் முழுவதும் பிடிக்குமாறு திருகி, அதைக் கழலாமல் பிடித்துக்கொள்ளும் பக்கவாட்டுத் திருகாணியை இறுக்குங்கள். புதிய தண்டு மாற்றியும் துளைக்குள் அது ஆடினால் பிளேட்டின் மரைதான் போயிருக்கிறது. அப்போது கடைக்குத்தான் செல்ல வேண்டும்.

உயரத்துக்கு ஒரே அளவு சொல்ல இயலாது. முழங்காலை மடக்கி நின்றபடி குதிகாலைச் சிறிது உயர்த்தினாலே இரு டோ ஸ்டாப்புகளும் ஒரே நேரத்தில் தரையைத் தொட வேண்டும். ஆனால் வளைவில் காலைக் குறுக்கே வைத்து ஓடும்போது அவை தரையில் உரசக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே உங்கள் இடம் இருக்கிறது. தேயத் தேய அது மாறும் என்பதால் மாதத்துக்கு ஒருமுறை சரிபாருங்கள். ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் டோ ஸ்டாப்பை வெறுங்கையால் திருகிப் பாருங்கள். கைக்கே அது சுழன்றால், ஸ்பேனரை எடுத்து இறுக்கிய பிறகு தளத்தில் இறங்குங்கள்.